மூன்றாவது தொட்டி

வரவு செலவு எழுதுகிறவரை உங்களுக்குத் தெரியும். வரவு செலவைப் பற்றிக் கவலையே படாதவரையும் தெரியும், அவர்கள்தான் பெரும்பான்மை. இந்த இருவருக்கும் நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வலது கையில் பச்சை மைப் பேனாவும் இடது கையில் அடுத்தவர் ரசீதுமாக உட்கார்ந்திருக்கிற மூன்றாவது ஜீவன் ஒன்று உண்டு. அதன் பெயர் சரிபார்ப்பவர். அடுக்குமாடிக் கட்டடம் எங்கே எழும்பினாலும் சிமெண்டு காய்வதற்கு முன்பே இந்த இனம் அங்கே குடியேறிவிடும். கரப்பான் பூச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுக்குழுக் கூட்டத்தில் தலைவர், "சங்கத்துப் பணத்த யாராவது ஒருத்தர் பொறுப்பா பாத்துக்கணும்" என்று ஆரம்பித்ததும் அத்தனை பேருக்கும் திடீரென்று செல்போனில் அவசரச் செய்தி வந்துவிடும். ஒருவர் மட்டும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தலைவர் அவரைப் பார்ப்பார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு நேரம் கிடையாது, இருந்தாலும்..." என்பார். அந்த 'இருந்தாலும்' காதில் விழுந்ததும் கூட்டம் கை தட்டிவிடும். அதற்குப் பிறகு சங்கம் அவரிடமிருந்து தப்பவே முடியாது.

நான் சொல்லப்போகிறவர் குடியிருக்கும் கட்டடத்துக்கு நாலு மாடி, மாடிக்கு ஆறு வீடு, ஆக மொத்தம் இருபத்தாறு வீடுகள். ஓய்வு பெறும்வரை அவர் ஒரு பெரிய கிடங்கில் இருப்புக் கண்காணிப்பாளராக இருந்தார். ஆணி, திருகு, போல்ட் என்று முப்பத்திரண்டு வருடம் எண்ணிய கை. ஓய்வு பெற்ற மறுநாள் எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படாமல், டப்பாவிலிருந்த பிஸ்கட்டை எண்ணி, "காலையில பதினாலு இருந்துச்சே" என்று மனைவியிடம் கேட்டாராம். "இவர எங்கயாவது சேத்து விடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்று அந்த அம்மாள் தலைவரின் மனைவியிடம் கெஞ்சியதாக ஒரு பேச்சு உண்டு. பொறுப்பேற்ற மூன்றே மாதத்தில் கட்டடம் அவருக்குப் பட்டப் பெயர் வைத்துவிட்டது: பூதக்கண்ணாடி. இது அவருக்குத் தெரியாது என்றே நாம் வைத்துக்கொள்ள வேண்டும். அவரும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்கிறீர்களா? நானும் அவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறோம். ஒரே மனைவியிடம் திட்டு வாங்குகிறோம். இதற்கு மேல் துருவித் துருவிக் கேட்டுச் சங்கடப்படுத்தாமல் 'அவர்' என்றே சொல்ல விடுங்கள். ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பூதக்கண்ணாடியாரின் ஆட்சி முழுக்கச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே நடந்தது. காலை ஒன்பது மணிக்குத் தட்டுகள் ஒதுக்கப்பட்டு, மேஜை துடைக்கப்பட்டு, கோப்பு, அளவுகோல், கணக்குப் பொறி, பச்சை மைப் பேனா எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். பிறகு லிஃப்ட் மெக்கானிக், தோட்டக்காரர், குழாய் ரிப்பேர் செய்கிறவர், எலக்ட்ரீஷியன் என்று சங்கத்திடம் ஐந்து காசு வாங்குகிற ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. நாற்காலி போட்டால் ஆள் தைரியமாகிவிடுவான் என்பது அவர் கிடங்கில் கற்ற பாடம்.

"படிக்கட்டுல பல்பு மாத்தினேன் சார். ரெண்டு பல்பு."

"பழைய பல்பு எங்க?"

"குப்பைல போட்டுட்டேன் சார்."

"அப்ப அது எரியலன்னு நான் எப்படி நம்பறது?"

"எரிஞ்சா நான் ஏன் சார் மாத்தப்போறேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அன்றிலிருந்து சட்டம் வந்தது: பழைய பல்பைக் கொண்டுவந்து ஒப்படைத்தால்தான் புதிய பல்புக்குப் பணம். அப்படிச் சேர்ந்த நாற்பத்தொரு செத்த பல்புகள், நம்பர் ஒட்டி, தேதி போட்டு, அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. தோட்டக்காரர் இருபது அடி ரப்பர் குழாய் வாங்கினால் அதைக் கூடத்தில் விரித்துப் படுக்கவைத்து டேப் பிடித்து அளப்பார். ஒருமுறை பத்தொன்பதே முக்கால் அடிதான் இருந்தது. அன்று அவருக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது. "தொகை முக்கியம் இல்ல, முறைதான் முக்கியம்" என்பார். "என் சொந்தக் காசுன்னா நான் கேப்பனா?" என்பார். இவற்றுக்கெல்லாம் தாய் போன்ற ஒரு வாக்கியம் உண்டு, அதை அவர் தூக்கத்திலும் சொல்லுவதாக மனைவி சத்தியம் செய்கிறார்: "ரசீது இருக்கா?"

இத்தனை கெடுபிடிக்கும் நடுவில் அவருக்கு முழுத் திருப்தி தந்த ஒரே மனிதர் கட்டடத்தின் மேனேஜர்தான். சிரித்த முகம், இடுப்பில் சாவிக்கொத்து, எதற்கும் "பண்ணிடலாம் சார்" என்கிற பேச்சு. மாதம் முதல் தேதி எல்லாப் பில்களையும் வரிசைப்படி அடுக்கி, துளையிட்டு, கோப்பில் கோர்த்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து வைப்பார். "நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி சார்" என்பார். பூதக்கண்ணாடியார் பார்ப்பார். ஒரு மணி நேரம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பச்சைப் பேனா ஓர் இடத்தில் போய் நிற்கும்.

"இது என்ன, கூட்டல்ல ரெண்டு அதிகமா இருக்கு?"

மேனேஜர் குனிந்து பார்ப்பார். நாக்கைக் கடித்துக்கொள்வார். "ஐயோ, ஆமா சார்! எப்படி சார் உங்க கண்ணுல மட்டும் படுது?"

அந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை. அவர் மெதுவாக நாற்காலியில் சாய்வார். தவறான எண்ணை அடித்து, சரியான எண்ணை எழுதி, மிச்சமிருக்கிற பில்கள் எல்லாவற்றிலும் சரசரவென்று பச்சை மையில் 'சரிபார்த்தேன்' போட்டுத் தள்ளுவார். மாதம் ஒரு பிழை. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. "நல்ல பையன்தான், கூட்டல்தான் வரல" என்று மனைவியிடம் சொல்லி வருத்தப்படுவார்.

அப்படிப் போட்டுத் தள்ளியவற்றில்தான் தொட்டி சுத்தம் செய்கிற ஒப்பந்தமும் இருந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். அவர் விதிப்படி மூன்று கொட்டேஷன் வாங்கப்பட்டது. மூன்றும் மேனேஜர் மூலமாகவே வந்தன. மூன்றிலும் 'மூன்று தொட்டிகள்' என்று இருந்தது. மூன்று பேர் சொன்னால் அது மூன்றாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்து, இருப்பதில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார். தொட்டி ஒன்றுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. மூன்று தொட்டிக்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. இதை அவர் தாளில் ஒருமுறை, கணக்குப் பொறியில் ஒருமுறை, மனக்கணக்காக ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். அந்தப் பெருக்கல் இன்றுவரை சரியாகவே இருக்கிறது.

மொட்டை மாடிக்கு மட்டும் ஏறிப் பார்க்கவில்லை. லிஃப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருபத்திரண்டு படி. அவருக்கு முழங்கால் வலி.

இப்படி மூன்று வருடம் ஓடிய பிறகுதான் பவுடர் விவகாரம் வெடித்தது.

கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற ஒரு பெண்மணி உண்டு. எட்டு வருடமாக வேலை செய்கிறவர். சின்னக் குழந்தையிலிருந்து தலைவர்வரை எல்லோருக்கும் அவர் 'அக்கா'. படிக்கட்டு, நடைபாதை, குப்பை அறை, சாக்கடை மூடி எல்லாம் அவர் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் அவருக்குக் கொடுக்கப்படும். பூதக்கண்ணாடியார் ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் பவுடருக்கு ஒரு வரைபடம் போட்டார். போட்டவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் மட்டும், சங்கத்து அலமாரியிலிருந்து நாலு பாக்கெட் அதிகமாகப் போயிருந்தது! மூன்று வருடத்தில் பன்னிரண்டு தடவை. நாற்பத்தெட்டு பாக்கெட்!

"திருட்டு" என்றார் மனைவியிடம். கிடங்கை விட்டு வந்த பிறகு இந்தச் சொல்லை உச்சரிக்க அவருக்கு இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்தது.

"பிளீச்சிங் பவுடர திருடி அவ என்ன பண்ணப்போறா? மூஞ்சிக்குப் பூசிக்கவா?"

"விப்பா. வெளியில விக்கறதுக்கு ஆள் இருக்கும்."

"எட்டு வருஷமா நம்ம வீட்டுக்குள்ளயும் வந்து போறா, என் மோதிரம் வாஷ்பேசின் மேலயே கெடக்கு. அத விட்டுட்டு பவுடர எடுத்தாளாக்கும்."

அவர் காதில் இதெல்லாம் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. நிகழ்ச்சிநிரலில் மூன்றாவது விஷயமாக, 'சங்கப் பொருள் தொடர்ந்து காணாமற்போனது; துப்புரவுப் பணியாளரை நீக்குதல்' என்று தம் கையாலேயே எழுதி, வீட்டுக்கு ஒரு பிரதி கதவுக்கு அடியில் தள்ளினார். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "பாவம் சார்... ஆனா நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்" என்றார். ஆளை அனுப்பிவிட்டால் அடுத்த வாரத்தில் இருந்து வேறு ஆள் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அக்கா தமக்கு வந்த பிரதியைப் படிக்கத் தெரியாமல் முதல் மாடி டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் படிக்கட்டைத் துடைக்கப் போய்விட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை டீச்சர் பூதக்கண்ணாடியாரிடம் ஃபோனில் சொன்னார். "தொகை முக்கியம் இல்ல டீச்சர்" என்று இவர் ஆரம்பித்ததும் டீச்சர் ஃபோனை வைத்துவிட்டார்.

குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் கூட்டத்தில் பேச்சுக்கே இடமிருக்காது அல்லவா? வரைபடப்படி அந்த வாரம்தான் பவுடர் போகிற வாரம். வெள்ளிக்கிழமை காலை பூதக்கண்ணாடியார் வீட்டுக் கதவின் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். அக்கா வந்தார். கையில் வாளி. வாளிக்குள் நாலு பாக்கெட்.

"போறா! போறா!" என்று கிசுகிசுத்தார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "திருடிட்டுப் போறவ கீழ கேட்டுப் பக்கம்ல போவா. இவ மேல ஏறிப் போறாளே?"

இது அவருக்குத் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வருடக் கிடங்கு அனுபவம் அந்தக் கதவுத் துவாரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "ஒரு தடவையாவது மேல ஏறித்தான் பாருங்களேன். சும்மா சரிபார்த்தேன் சரிபார்த்தேன்னு..." என்று மனைவி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு ஏறினார். மேலே வெயிலில் கண் கூசியது. ஒரு சிமெண்டுத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளேயிருந்து பிரஷ்ஷால் தேய்க்கிற சத்தம். எட்டிப் பார்த்தார். பவுடர் நெடி முகத்தில் அடித்தது. உள்ளே, கணுக்கால் அளவுத் தண்ணீரில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அக்கா சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"தொட்டி கழுவறேன் சார்."

"தொட்டி கழுவறதுக்கு கம்பெனி ஆள் வருவாங்களே?"

"எந்தக் கம்பெனி சார்? நான்தான கழுவறேன். இதுவும் உன் வேலைதான்னு மேனேஜர் சார் சொன்னாரு. மூணு வருஷமாச்சு."

அவர் மொட்டை மாடியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இது ஒண்ணு. அது ரெண்டு" என்று விரலை நீட்டி எண்ணினார். "மூணாவது எங்க?"

"மூணாவது என்ன சார்?"

"தொட்டி. மூணாவது தொட்டி."

அக்கா தொட்டிக்குள்ளிருந்து அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் சந்தேகம் கலந்த பரிவு இருந்தது. "வெயில்ல நிக்காதீங்க சார்" என்றார்.

அவர் போய்த் தேடினார். நம்புங்கள், தேடினார். ஆன்டெனா கம்பத்துக்குப் பின்னால் பார்த்தார். லிஃப்ட் மோட்டார் அறையைச் சுற்றி வந்தார். காயப்போட்டிருந்த ஒரு போர்வையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கால் வலியோடு அரைமணி நேரம் ஒரு தொட்டியைத் தேடிய ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொட்டி இல்லை. திரும்பி வந்தபோது அக்கா, "சார், அந்த வாளிய கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டடத்துத் தொட்டிகள் சம்பந்தமாக அவர் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

வீட்டுக்கு வந்து கோப்பைப் புரட்டினார். பன்னிரண்டு பில்கள். இல்லாத கம்பெனி ஆள், இல்லாத மூன்றாவது தொட்டி, ஒவ்வொன்றிலும் மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது, ஆக நாற்பத்தையாயிரம். ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை மையில், அழகான சாய்ந்த எழுத்தில், சரிபார்த்தேன், சரிபார்த்தேன், சரிபார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதனுக்கு முதலில் அக்காவின் வேலை நினைவுக்கு வந்திருக்கும். கொஞ்சம் சுமாரான மனிதனுக்குச் சங்கத்துப் பணம் நினைவுக்கு வந்திருக்கும். இவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது தம் கையெழுத்து.

"வாயத் தொறந்தா மானம் போகும்" என்றார்.

"தொறக்காட்டி அவ வேலை போகும்" என்றார் மனைவி. "எது போகலாம்னு ரெண்டு நாள் உக்காந்து சரிபாருங்க." இரண்டு நாளும் சோற்றுக்கு ரசம் ஊற்றினார், பேச்சு மட்டும் ஊற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, தரைத்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது. மேனேஜர் எல்லோருக்கும் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார். அக்கா துடைப்பக் கட்டையோடு தூண் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது விஷயம் வந்தது. பூதக்கண்ணாடியார் எழுந்தார். இரண்டு நாள் யோசித்ததில் மானமும் போகாமல் வேலையும் போகாமல் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நான் நீண்ட நாளா ரகசியமா ஒரு விசாரணை நடத்திட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தார். பவுடர் ஒரு சாக்குதானாம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பெரிய மீனைத் தேடினாராம். உயிரைப் பணயம் வைத்து மொட்டை மாடிக்கே ஏறினாராம். தொட்டி இரண்டுதான், கழுவியது அக்காதான், பணம் போனது வேறு எங்கோதான் என்று சொல்லி முடித்தபோது கூட்டம் ஆடிப்போய்விட்டது. பிறகு கை தட்டல் கிளம்பியது. தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவை நீக்குகிற பேச்சு அந்தக் கைத்தட்டலோடு காணாமல் போயிற்று. பூதக்கண்ணாடியாருக்குக் கண் கலங்கியே விட்டது. தாம் சொன்னதைத் தாமே நம்ப ஆரம்பித்திருந்தார்.

டீச்சர்தான் எழுந்தார். "ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பன்னெண்டு பில்லயும் பாஸ் பண்ணது யாரு?"

கைத்தட்டல் நின்றது. எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் அப்போதும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். இனிமேல் அந்த வேலை இல்லை என்று தெரிந்துவிட்டதால் அந்தச் சிரிப்பில் ஒரு சுதந்திரம்கூட வந்திருந்தது.

"சார்தான் பாஸ் பண்ணாரு. நான் செஞ்சது தப்புதான், போலீஸ்ல குடுத்தாலும் சரி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். சாருக்கு பில்லுல ஒரு பிழை கெடைக்கலன்னா விடவே மாட்டாரு. தேடிக்கிட்டே இருப்பாரு. அதனால மாசா மாசம் நானே ஒண்ணு வெச்சுடுவேன். கூட்டல்ல ரெண்டு, மூணு. அதக் கண்டுபிடிச்சிட்டாருன்னா அப்புறம் தங்கமான மனுஷன். எங்க நீட்டினாலும் போட்டுடுவாரு."

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்த வரிசைக்குப் பரவியது. சிறிது நேரத்தில் தரைத்தளமே சிரித்தது. தலைவர் கையை விட்டார். பூதக்கண்ணாடியாரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை; நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு நாளாகப் பேசாதவர்.

சிரிப்பு அடங்கியபோது தூண் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "சார், ஒண்ணு கேக்கட்டுமா? தொட்டி கழுவறது என் வேலை இல்லன்னு இப்பதான் தெரியுது. அப்ப மூணு வருஷம் கழுவினதுக்கு எனக்கு எதாச்சும் உண்டா?"

நியாயமான கேள்வி. கூட்டம் முழுக்கப் பூதக்கண்ணாடியாரைத் திரும்பிப் பார்த்தது. இந்த இடத்தில் அவர் என்ன சொல்லியிருக்கலாம்? 'உண்டு' என்று சொல்லியிருக்கலாம். 'மன்னிச்சுக்கம்மா' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் தலையைக் குனிந்திருந்தால்கூட ஆளைப் பற்றி ஓரளவு மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் வாய் தானாகத் திறந்தது. அவர் கேட்டார்... இல்லை, இந்த ஒரு இடத்தில் மட்டும் 'அவர்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. நான் கேட்டேன்.

"ரசீது இருக்கா?"

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். உண்மையிலேயே எங்காவது இருக்குமோ என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு சொன்னார்: "ரசீதெல்லாம் இல்லீங்க சார். முழங்கால் இருக்கு. பாக்கறீங்களா?"

நான் அன்று பட்ட வெட்கம் இந்தப் பக்கத்தில் அடங்காது. இருபத்திரண்டு படிக்கு 'அம்மா அம்மா' என்று முனகிக்கொண்டு ஏறியவன் நான். தலைவர் ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மேனேஜரை அன்றே அனுப்பினோம். பணத்தை மாதத் தவணையில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்தத் தவணைக் கணக்கை நான் பார்ப்பதில்லை, டீச்சர் பார்க்கிறார். அக்காவுக்கு வேலை போகவில்லை.

அந்த வாரமே அக்காவுக்கு வவுச்சர் எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன். வேலை: இரண்டு தொட்டிகள், பன்னிரண்டு தடவை. 'இணைக்கப்பட்ட ஆதாரம்' என்கிற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. வெறுமனே விட்டால் வவுச்சர் செல்லாது, அது நான் போட்ட விதி. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'முழங்கால்கள் இரண்டு. நேரில் பார்க்கவில்லை. நம்பினேன்' என்று எழுதினேன். முப்பத்திரண்டு வருடக் கிடங்கு வேலையும் மூன்று வருடச் சங்க வேலையும் சேர்த்து, அந்தக் கடைசிச் சொல்லை நான் ஒரு காகிதத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. மனைவி எட்டிப் படித்துவிட்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். கதை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆரம்பத்தில், நாலு மாடி, மாடிக்கு ஆறு வீடு, ஆக மொத்தம் இருபத்தாறு வீடுகள் என்று எழுதியிருந்தேனே, கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்றால் நீங்கள் பொதுக்குழுவில் செல்போன் பார்க்கிற கூட்டம். உங்களை நம்பித்தான் மேனேஜர்கள் பிழைக்கிறார்கள். கவனித்திருந்தால், 'ஆசாமிக்கு வாய்ப்பாடே தெரியவில்லையே' என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்திருக்குமே? நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகூட உட்கார்ந்திருப்பீர்கள். அது உங்களுக்காகவே நான் வைத்தது. மேனேஜரிடம் கற்றுக்கொண்ட வித்தை.

அந்தக் குதூகலத்திலேயே இதுவரை படித்து வந்துவிட்டீர்கள். வவுச்சரில் பெயர் இருந்தது, வேலை இருந்தது, ஆதாரம் இருந்தது. தொகை எவ்வளவு என்று நான் சொல்லவே இல்லை. கேட்டீர்களா?

பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வெளியில் மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே குறைந்த விலைக்குத்தான் போட்டோம். அதிலும் பவுடர் சங்கத்துடையது அல்லவா? நாற்பத்தெட்டு பாக்கெட்டுக்கும் விலை போட்டுக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தோம். கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. நான்தான் சரிபார்த்தேன்.